பெங்களூருவில் தொடங்கி லண்டனில் முதலிடம்: டிஸ்கோ இசையின் இந்திய முகம் பிட்டு அப்பையா - ஒரு விரிவான பார்வை

பேத்தமங்களா (கோலார் தங்கவயல்): உலகம் முழுவதும் நடன அரங்குகளை ஆட்டிவைத்த டிஸ்கோ இசையின் வரலாற்றில், கர்நாடகத்தைச் சேர்ந்த ஒருவரின் பெயர் தவறாமல் இடம்பெறுகிறது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்த பாடலைத் தயாரித்தவரும், ஜமைக்காவில் உருவான ஒரு பாடகர் குழுவுக்கு மறுவாழ்வு அளித்தவரும், கராச்சியில் பிறந்த உடன்பிறப்புகள் இருவரைத் தெற்காசியாவின் முதல் பாப் நட்சத்திரங்களின் வரிசையில் நிறுத்தியவரும் அவரே. அவர் பெயர் பிட்டு அப்பையா. பேத்தமங்களாவிலிருந்து ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவில் உள்ள பெங்களூருவில்தான் அவரது இசைப்பயணம் தொடங்கியது.

எனினும், அவர் உருவாக்கிய பாடல்களை அறிந்தவர்களில் பலர் அவரது பெயரை அறிந்திருக்கவில்லை. பாடலைப் பாடியவர், எழுதியவர், தயாரித்தவர், பின்னணியில் குழுக்குரல் கொடுத்தவர் ஆகியோரில் யாருடைய பெயர் நிலைக்கிறது, யாருக்கு வருவாய் சேர்கிறது என்ற கேள்வியை அவரது வாழ்க்கை எழுப்புகிறது. திருவிழா மேடைகளில் பாடும் மெல்லிசைக் குழுக்கள் இன்றும் இயங்கிவரும் தங்கவயல் போன்ற பகுதிகளுக்கு இக்கேள்வி அந்நியமானதன்று.

வானொலி இணைத்த இரண்டு உலகங்கள்

பாலாற்றின் நீரைத் தேக்கி, கோலார் தங்கச் சுரங்கங்களுக்கும் அங்குள்ள குடியிருப்புகளுக்கும் குடிநீர் வழங்கிய ஊர் பேத்தமங்களா. 1880-களில் ஆங்கிலேய நிறுவனமான ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் சுரங்கப் பணிகளைக் கையில் எடுத்த பின்னர், வட ஆர்க்காடு உள்ளிட்ட தமிழ் மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் இங்குக் குடியேறினர். 1902-ஆம் ஆண்டில் சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. ஆங்கிலேய அதிகாரிகளும் ஆங்கிலோ - இந்தியக் குடும்பங்களும் வாழ்ந்த பகுதி 'லிட்டில் இங்கிலாந்து' என்றே அழைக்கப்பட்டது.

ஒருபுறம் மன்றங்களில் பியானோவும் மேற்கத்திய நடனமும், மறுபுறம் தொழிலாளர் குடியிருப்புகளில் பறையும் நாடகமும் திரைப்பாடலும் என இரு இசை உலகங்கள் சில கி.மீ. இடைவெளியில் இயங்கின. இவ்விரு உலகங்களுக்கும் பொதுவாக அமைந்த ஒரே கருவி வானொலிப் பெட்டி. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை தொழிலாளர் வீடுகளில் ஒலித்தது. அதே இலங்கை வானொலியின் ஆங்கிலச் சேவையைப் பெங்களூருவில் ஒரு சிறுவன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

யார் இந்த பிட்டு?

குடகு வம்சாவளிக் குடும்பத்தில் 1940-களின் நடுப்பகுதியில் பிறந்தவர் பிட்டு. வானொலியில் கேட்ட ஆங்கிலப் பாடல்களின் மீது கொண்ட ஈடுபாட்டால், கிட்டார் வாசிக்கக் கற்றுக்கொண்டார். பதின்ம வயதிலேயே நண்பர்களுடன் சேர்ந்து 'ட்ரோஜன்ஸ்' என்ற பெயரில் ஓர் இசைக்குழுவைத் தொடங்கினார். பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ் போன்ற குழுக்களின் பாடல்களை மேடைகளில் பாடுவதே இக்குழுவின் தொழிலாக இருந்தது.

பெங்களூருவின் விடுதிகளில் தொடங்கிய ட்ரோஜன்ஸ், பின்னர் கொல்கத்தாவின் பார்க் தெருவில் உள்ள புகழ்பெற்ற டிரிங்காஸ் உணவகத்திலும், மும்பையிலும் நிகழ்ச்சிகளை நடத்தியது. இந்தியாவில் ஆங்கிலப் பாடல்களைப் பாடிய தொடக்ககாலக் குழுக்களில் ஒன்றாக இது கருதப்படுகிறது. குழு கலைந்த பிறகு, 'லோன் ட்ரோஜன்' (தனித்த ட்ரோஜன்) என்ற பெயரில் பிட்டு தனியாகப் பாடினார்.

பிறருடைய பாடல்களை மீண்டும் பாடுவதில் ஓர் எல்லை உண்டு என்பதை அவர் உணர்ந்த காலம் அது. சொந்தப் பாடலைப் பதிவு செய்ய வேண்டுமெனில் லண்டன் செல்ல வேண்டும் என்று முடிவு செய்தார். 1967-ஆம் ஆண்டில், மேற்கு ஆசிய நாடுகளின் வழியாகப் பெரும்பாலும் தரைவழியே பயணித்து அவர் பிரிட்டனை அடைந்தார்.

லண்டனில் அவரை எவரும் எதிர்பார்த்திருக்கவில்லை. சிறு வேலைகளைச் செய்து சேர்த்த பணத்தைக் கொண்டு ஒலிப்பதிவுக் கூடத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்தார். 1969-ஆம் ஆண்டில் 'தி டைகர்ஸ்' என்ற ஜப்பானியக் குழு பாடிய 'ஸ்மைல் ஃபார் மீ' என்ற பாடலில் பணியாற்றியது அவருக்குக் கிடைத்த முதல் வெற்றி. அப்பாடலை எழுதியவர்கள், பின்னாளில் டிஸ்கோ இசையின் அடையாளமாக மாறிய பீ ஜீஸ் குழுவின் சகோதரர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

டிஸ்கோ என்றால் என்ன?

பிட்டுவின் பங்களிப்பைப் புரிந்துகொள்ள, டிஸ்கோ இசையின் கட்டமைப்பை அறிவது அவசியமாகிறது.

'டிஸ்கோதேக்' என்ற பிரெஞ்சுச் சொல்லின் சுருக்கமே டிஸ்கோ. நேரடி இசைக்குழுவுக்குப் பதிலாக இசைத்தட்டுகளை ஒலிக்கவிட்டு மக்கள் நடனமாடும் அரங்கம் என்பது அதன் பொருள். 1970-களின் தொடக்கத்தில் நியூயார்க் நகரில் கறுப்பின மக்கள், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், ஒருபாலின ஈர்ப்பினர் ஆகியோர் கூடிய நடன அரங்குகளில் இந்த இசைப் பண்பாடு வளர்ந்தது.

இதற்கு முன்னோடியாக அமைந்தது ஃபங்க் இசை. அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் வளர்த்தெடுத்த இந்த வகையில், நான்கு எண்ணிக்கை கொண்ட தாளச் சுற்றின் முதல் எண்ணிக்கையில் அழுத்தம் விழும். பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் ஒன்றையொன்று துரத்துவதுபோல இயங்கும். டிஸ்கோ இதைச் சற்று மாற்றியது. நான்கு எண்ணிக்கைகளிலும் பெரிய டிரம்மின் ஒலி சீராக விழும்படி அமைத்தது. இதயத் துடிப்பைப் போன்ற இந்தச் சீரான தாளம், நடனப் பயிற்சி இல்லாதவரையும் கால்களை அசைக்கச் செய்தது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 தட்டுகள் என்பது இதன் வழக்கமான வேகம்.

இந்தத் தாளத்தின் மேல் வயலின்கள், ஊதுகருவிகள், குழுக்குரல் ஆகியவை அடுக்கப்படும். ஃபிலடெல்ஃபியா நகரின் 'ஹெரால்ட் மெல்வின் அண்ட் தி புளூ நோட்ஸ்' குழு 1973-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தி லவ் ஐ லாஸ்ட்' என்ற பாடலில் டிரம்ஸ் கலைஞர் ஏர்ல் யங் வாசித்த முறை, டிஸ்கோ தாளத்தின் முன்மாதிரியாக இசை ஆய்வாளர்களால் சுட்டிக்காட்டப்படுகிறது. அதே ஏர்ல் யங் இடம்பெற்ற 'தி ட்ராம்ப்ஸ்' குழுவின் 'டிஸ்கோ இன்ஃபெர்னோ' பாடல், 1977-ஆம் ஆண்டில் வெளியான 'சாட்டர்டே நைட் ஃபீவர்' திரைப்படத்தின் வழியாக உலகப் புகழ் பெற்றது.

முதன்மைக் குரல் ஒரு வரியைப் பாட, பின்னணிக் குரல்கள் அதற்கு விடை சொல்வதுபோலப் பாடுவது இந்தக் குழுக்களின் வழக்கம். தேவாலயப் பாடல் மரபிலிருந்து வந்த இம்முறை, நம் ஊர்ப் பஜனையில் ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடும் முறைக்கு நெருக்கமானது.

பத்து நிமிடத்தில் பிறந்த உலக வெற்றி

1974-ஆம் ஆண்டு, ஜமைக்காவில் பிறந்து பிரிட்டனில் வாழ்ந்துவந்த பாடகர் கார்ல் டக்ளஸுக்காக ஒரு பாடலைப் பதிவு செய்யும் பணியில் பிட்டு ஈடுபட்டார். இசைத்தட்டின் முதற்பக்கத்தில் இடம்பெறவிருந்தது வேறொரு பாடல். மூன்று மணி நேர ஒலிப்பதிவில் பெரும்பகுதி அந்தப் பாடலுக்கே செலவானது. இசைத்தட்டின் மறுபக்கத்தை நிரப்ப ஏதேனும் ஒரு பாடல் தேவை என்ற நிலையில், டக்ளஸ் தாம் எழுதி வைத்திருந்த வரிகளைக் காட்டினார். அவற்றில் ஒன்றைப் பிட்டு தேர்ந்தெடுத்தார். எஞ்சியிருந்த ஏறத்தாழ பத்து நிமிடங்களில் அது பதிவு செய்யப்பட்டது.

அந்தப் பாடல்தான் 'குங் ஃபூ ஃபைட்டிங்'.

மறுபக்கத்துப் பாடல் என்பதால் எவரும் அதைப் பெரிதாகக் கருதவில்லை. ஆனால் பதிவைக் கேட்ட பை ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தின் அதிகாரி, அதையே முதற்பக்கத்துக்கு மாற்றுமாறு வலியுறுத்தினார். புரூஸ் லீ 1973-ஆம் ஆண்டில் மறைந்து, அவரது 'என்டர் தி டிராகன்' உலகெங்கும் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. தற்காப்புக் கலை மீதான மோகமும் நடன அரங்குகளின் தாளமும் ஒரே பாடலில் இணைந்தன. 1974 செப்டம்பரில் பிரிட்டனிலும், அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவிலும் அப்பாடல் விற்பனைப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. உலகளவில் 1 கோடிக்கும் அதிகமான பிரதிகள் விற்றதாகக் கூறப்படுகிறது.

அந்த ஆண்டின் ஜூலை மாதத்தில்தான் 'ஹியூஸ் கார்ப்பரேஷன்' என்ற குரலிசைக் குழுவின் 'ராக் தி போட்', ஜார்ஜ் மெக்ரேவின் 'ராக் யுவர் பேபி' ஆகிய பாடல்கள் அமெரிக்கப் பட்டியலில் அடுத்தடுத்து முதலிடம் பெற்று, டிஸ்கோ காலத்தின் வருகையை அறிவித்திருந்தன. அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து அந்த அலையில் முதலில் இணைந்தவர்களில் ஒருவராகப் பிட்டு அமைந்தார்.

மீண்டெழுந்த 'வேகபாண்ட்ஸ்'

இந்த வெற்றிக்குப் பின் பிட்டுவைத் தேடி வந்த வாய்ப்புகளில் குறிப்பிடத்தக்கது, 'ஜிம்மி ஜேம்ஸ் அண்ட் தி வேகபாண்ட்ஸ்' குழுவுடன் அவர் இணைந்து பணியாற்றியது. ஜமைக்காவில் தொடங்கப்பட்ட இக்குழு, 1964-ஆம் ஆண்டில் பிரிட்டனுக்குக் குடிபெயர்ந்தது. 1960-களில் லண்டனின் இரவு விடுதிகளில் சோல் வகைப் பாடல்களைப் பாடி, நேரடி மேடைக் குழு என்ற நற்பெயரைப் பெற்றது. எனினும் இசைத்தட்டு விற்பனையில் அதற்கேற்ற வெற்றி கிட்டவில்லை. 1970-ஆம் ஆண்டில் குழு கலைந்தது.

முதன்மைப் பாடகரான ஜிம்மி ஜேம்ஸ், புதிய கலைஞர்களுடன் அதே பெயரில் மீண்டும் மேடையேறினார். 1976-ஆம் ஆண்டில் பிட்டுவின் தயாரிப்பில் வெளியான 'ஐ'ல் கோ வேர் யுவர் மியூசிக் டேக்ஸ் மீ' பிரிட்டன் பட்டியலில் 23-ஆவது இடத்தையும், அதைத் தொடர்ந்த 'நௌ இஸ் தி டைம்' 5-ஆவது இடத்தையும் பெற்றன. பிரிட்டனில் 12 ஆண்டுகள் உழைத்த ஒரு பாடகருக்கு, முதல் பத்து இடங்களுக்குள் நுழையும் வாய்ப்பு டிஸ்கோ தாளத்தின் வழியாகவே கிடைத்தது.

அதே 1976-ஆம் ஆண்டின் மார்ச் மாதத்தில், பிட்டு தயாரித்த 'ஐ லவ் டு லவ்' பாடலின் மூலம் லண்டனைச் சேர்ந்த பாடகி டினா சார்லஸ் பிரிட்டனில் முதலிடம் பெற்றார். மூன்று வாரங்கள் அந்த இடம் நீடித்தது. டினா சார்லஸ், அதற்கு முன்னர் பிறருடைய பதிவுகளுக்குப் பின்னணிக் குரல் கொடுத்துப் பிழைத்துவந்தவர். அவரது மேடைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த டிரெவர் ஹார்ன், பின்னாளில் பிரிட்டனின் முன்னணி இசைத் தயாரிப்பாளராக உயர்ந்தார்.

இசைத் தயாரிப்பாளர் என்ற சொல்லை இங்கு விளக்க வேண்டியுள்ளது. திரைப்படத் தயாரிப்பாளரைப் போல முதலீடு செய்பவர் அல்லர் இவர். பாடலைத் தேர்ந்தெடுப்பது, தாளத்தையும் வேகத்தையும் முடிவு செய்வது, வாத்தியங்களையும் குரல்களையும் அடுக்குவது, இறுதி ஒலிக்கலவையை உருவாக்குவது ஆகியவை இவரது பொறுப்புகள். நம் திரையிசையில் இசையமைப்பாளர் ஆற்றும் பணியின் பெரும்பகுதியை மேற்கத்திய இசைத்துறையில் தயாரிப்பாளர் ஆற்றுகிறார்.

'குர்பானி'யும் 15 வயதுக் குரலும்

டிஸ்கோ மேற்குலகில் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கிய நேரத்தில், பிட்டுவை இந்தித் திரையுலகம் அழைத்தது. அழைத்தவர் நடிகரும் இயக்குநருமான பெரோஸ் கான். அவரும் பெங்களூருவில் பிறந்தவர். 'குர்பானி' திரைப்படத்தின் பிற பாடல்களுக்குக் கல்யாண்ஜி - ஆனந்த்ஜி இசையமைத்திருந்தனர். ஒரே ஒரு பாடலை மட்டும் பிட்டு உருவாக்கினார்.

அந்தப் பாடலைப் பாட, கராச்சியில் பிறந்து லண்டனில் படித்துக்கொண்டிருந்த நாசியா ஹசன் தேர்வு செய்யப்பட்டார். அப்போது அவருக்கு வயது 15. முறையான பின்னணிப் பாடகியின் கனிந்த குரலுக்கு மாறாக, சற்று மூக்கொலி கலந்த பள்ளி மாணவியின் குரலை அப்படியே பதிவு செய்த பிட்டு, அதை இரட்டித்து ஒலிக்கும்படி அமைத்தார். 1980-ஆம் ஆண்டில் படம் வெளியானபோது, ஜீனத் அமன் திரையில் தோன்றிய 'ஆப் ஜெய்சா கோயி' பாடல் நாடெங்கும் ஒலித்தது. சிறந்த பின்னணிப் பாடகிக்கான பிலிம்பேர் விருது நாசியாவுக்குக் கிடைத்தது. அவ்விருதைப் பெற்ற முதல் பாகிஸ்தானியர் அவர்.

அடுத்த ஆண்டே நாசியாவும் அவரது தம்பி சோஹேப்பும் இணைந்து பாடிய 'டிஸ்கோ தீவானே' தொகுப்பு வெளியானது. திரைப்படம் இல்லாமல், நடிகர்கள் இல்லாமல், பாடகர்களின் பெயரில் மட்டுமே விற்பனையான இத்தொகுப்பு, தெற்காசியாவின் இசைச் சந்தைக்குப் புதிய பாதையைக் காட்டியது. ஒலிநாடா எனப்படும் கேசட் பரவலாகத் தொடங்கிய காலம் என்பதால், இசைத்தட்டுக் கருவி இல்லாத சிற்றூர்களுக்கும் அப்பாடல்கள் சென்றடைந்தன. தொடர்ந்து 'யங் தரங்', 'ஹாட்லைன்', 'கேமரா கேமரா' ஆகிய தொகுப்புகளை உடன்பிறப்புகள் வெளியிட்டனர். 'கேமரா கேமரா' 1992-ஆம் ஆண்டில் வெளியானது. அதன் பின் நாசியா இசைத்துறையிலிருந்து விலகினார்.

நுரையீரல் புற்றுநோயால் பாதிக்கப்பட்ட அவர், 2000-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 13 அன்று லண்டனில் காலமானார். அப்போது அவருக்கு வயது 35. 12 ஆண்டுகள் கழித்து, 'ஸ்டூடண்ட் ஆஃப் தி இயர்' என்ற இந்தித் திரைப்படத்தில் 'டிஸ்கோ தீவானே' பாடல் புதிய வடிவில் மீண்டும் ஒலித்தது.

தமிழ் மேடையில் டிஸ்கோ

டிஸ்கோ அலை தமிழகத்தையும் தொட்டது. எனினும் அதற்கான களம் முன்னரே அமைந்திருந்தது. மும்பையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த உஷா உதுப், 1969-ஆம் ஆண்டில் சென்னை மவுண்ட் ரோட்டில் இருந்த 'நைன் ஜெம்ஸ்' இரவு விடுதியில் பட்டுப்புடவை உடுத்தி ஆங்கிலப் பாடல்களைப் பாடத் தொடங்கினார். பின்னர் அவரும் பிட்டுவின் ட்ரோஜன்ஸ் பாடிய அதே டிரிங்காஸ் மேடையில் பாடினார். 1980-களின் தொடக்கத்தில் பப்பி லஹிரியின் இசையில் அவர் பாடிய டிஸ்கோ பாடல்கள் பெரும் வரவேற்பைப் பெற்றன.

1982-ஆம் ஆண்டில் வெளியான 'டிஸ்கோ டான்சர்' இந்திப் படம், சோவியத் ஒன்றியத்திலும் வெற்றி பெற்றது. அது 1985-ஆம் ஆண்டில் ஆனந்த் பாபு நடிப்பில் 'பாடும் வானம்பாடி' என்ற பெயரில் தமிழில் மறுஆக்கம் செய்யப்பட்டது. 1982-ஆம் ஆண்டில் வெளியான 'சகலகலா வல்லவன்' படத்துக்காக இளையராஜா இசையமைத்து, எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடிய புத்தாண்டுப் பாடல், இன்றும் டிசம்பர் 31 நள்ளிரவில் தமிழர் வாழும் இடங்களில் ஒலிக்கிறது. தங்கவயலும் அதற்கு விதிவிலக்கன்று.

நடன அரங்குகள் இல்லாத ஊர்களில், டிஸ்கோவைக் கொண்டுசேர்த்தவை மெல்லிசைக் குழுக்களே. கோயில் திருவிழா, திருமணம், தொழிற்சங்க விழா என எங்கும் மேடையேறிய இக்குழுக்களில் ஒரு டிரம்ஸ், ஒரு பேஸ் கிட்டார், ஒரு கீபோர்டு, நான்கைந்து குரல்கள் இருக்கும். லண்டனில் வயலின் குழுவினர் வாசித்ததை, இங்கு ஒரே கீபோர்டு கலைஞர் இரு கைகளால் ஈடு செய்தார்.

அலை ஓய்ந்தது ஏன்?

1979-ஆம் ஆண்டு ஜூலை 12 அன்று, அமெரிக்காவின் சிகாகோ நகரில் இருந்த கோமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகள் குவிக்கப்பட்டு வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. ரசிகர்கள் மைதானத்துக்குள் புகுந்ததால் அன்றைய இரண்டாவது ஆட்டம் கைவிடப்பட்டது. வானொலி அறிவிப்பாளர் ஒருவரின் விளம்பர உத்தியாகத் தொடங்கிய இந்நிகழ்வை, கறுப்பின மக்களுக்கும் ஒருபாலின ஈர்ப்பினருக்கும் எதிரான வெறுப்பின் வெளிப்பாடாகவும் பலர் பின்னாளில் மதிப்பிட்டனர்.

வெறுப்பு மட்டுமே வீழ்ச்சிக்குக் காரணம் அன்று. ஒரே மாதிரியான பாடல்களை நிறுவனங்கள் அளவுக்கு மீறி வெளியிட்டதால் சந்தையில் சலிப்பு ஏற்பட்டது. சிந்தசைசர் போன்ற மின்னணுக் கருவிகளின் வருகையால், வயலின் குழுவுக்கும் பின்னணிப் பாடகர்களுக்கும் இருந்த தேவை குறைந்தது. டிஸ்கோ என்ற பெயர் மறைந்தாலும், அதன் தாளம் சிகாகோவில் தோன்றிய 'ஹவுஸ்' இசையாகத் தொடர்ந்தது.

பாடலின் பலன் யாருக்கு?

டிஸ்கோ காலம் விட்டுச்சென்ற முக்கியமான கேள்வி, உரிமை பற்றியது. 'குங் ஃபூ ஃபைட்டிங்' பாடலை எழுதியவர் என்ற இடத்தில் கார்ல் டக்ளஸின் பெயரும், தயாரிப்பாளர் என்ற இடத்தில் பிட்டுவின் பெயரும் பதிவாகியுள்ளன. பத்து நிமிடத்தில் முடிந்த பதிவாயினும், யார் எதைச் செய்தார் என்பது எழுத்தில் இடம்பெற்றது. ஆனால் அக்காலத்தின் குழுக்குரல் பாடகர்கள் பலருக்கு இந்த வாய்ப்பு அமையவில்லை. அன்றைய ஊதியத்தைப் பெற்றுக்கொண்டு வீடு திரும்பியதோடு அவர்களின் உறவு முடிந்தது.

இந்தியாவிலும் புகழ்பெற்ற 'போனி எம்' குழு இதற்கு மற்றோர் எடுத்துக்காட்டு. மேடையில் ஆடிப்பாடிய ஆண் கலைஞர் பாபி ஃபாரெல். இசைத்தட்டுகளில் ஒலித்த ஆண் குரலோ, தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியனுடையது. முகம் ஒருவருடையதாகவும் குரல் மற்றொருவருடையதாகவும் இருந்ததைப் பல ரசிகர்கள் நெடுநாள் அறியவில்லை.

இந்தியாவில் இதற்கான சட்டப் பாதுகாப்பு 2012-ஆம் ஆண்டில் வலுப்பெற்றது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் அந்த ஆண்டு செய்யப்பட்ட திருத்தம் மூன்று தரப்பினருக்குப் பயன் அளிக்கிறது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் உரிமையைத் திரைப்படத் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்துவிட்டாலும், திரையரங்கில் படத்தோடு காட்டப்படுவது தவிர்த்த பிற பயன்பாடுகளுக்கான உரிமத்தொகையில் அவர்களுக்குரிய பங்கை இழக்க மாட்டார்கள். மூன்றாவது தரப்பினரான பாடகர், வாத்தியக் கலைஞர் போன்றோருக்கும், அவர்களது நிகழ்த்துதல் வணிக நோக்கில் பயன்படுத்தப்படும்போது உரிமத்தொகை பெறும் உரிமை வழங்கப்பட்டுள்ளது. இந்த உரிமை 50 ஆண்டுகளுக்கு நீடிக்கும். பாடலாசிரியர், இசையமைப்பாளர் ஆகியோரின் பதிப்புரிமை அவர்களது வாழ்நாளும் அதன் பின் 60 ஆண்டுகளும் செல்லும்.

பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்கள் சார்பில் உரிமத்தொகையை வசூலிக்கும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பு 1969-ஆம் ஆண்டு முதல் செயல்பட்டு வருகிறது. பாடகர்களுக்கான ஐ.எஸ்.ஆர்.ஏ. அமைப்பு 2013-ஆம் ஆண்டில் பதிவு செய்யப்பட்டது.

எனினும் சட்டத்தில் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உள்ளது. திரைப்படத்தில் ஒருவரின் பங்களிப்பு தற்செயலானதாகவோ சிறிதளவினதாகவோ இருந்து, தொழில்துறை வழக்கப்படி பெயர்ப்பட்டியல் உள்ளிட்ட எந்த இடத்திலும் அவர் பெயர் குறிப்பிடப்படாவிட்டால், உரிமத்தொகை போன்ற பொருளாதார உரிமைகளைப் பொறுத்தவரை அவர் 'நிகழ்த்துநர்' என்று கருதப்பட மாட்டார். பெயர்ப்பட்டியலில் ஒரு வரி என்பது வெறும் பெருமைக்குரியது அன்று. அது வருவாய்க்கான சான்றாகவும் அமையக்கூடும். குழுக்குரல் பாடச் செல்லும் இளம் பாடகர்கள், ஒலிப்பதிவுக்கு முன்பே தங்கள் பெயர் இடம்பெறுமா என்பதை எழுத்து வடிவில் உறுதி செய்துகொள்வது நல்லது.

மெல்லிசைக் குழுக்கள் அறிய வேண்டியவை

திரைப்பாடல்களை மேடையில் பாடும் குழுக்களுக்கும் இச்சட்டம் பொருந்தும். கட்டணம் வசூலிக்கும் கலைநிகழ்ச்சி, விடுதி விருந்து போன்றவற்றில் பிறருடைய பாடல்களைப் பாட உரிமம் தேவை. வழக்கமாக நிகழ்ச்சி அமைப்பாளரே இதைப் பெறுகிறார். ஒப்பந்தத்தில் இப்பொறுப்பு யாருடையது என்பதைத் தெளிவாகக் குறிப்பிட்டால், பின்னர் எழும் சிக்கல்களைத் தவிர்க்கலாம்.

உண்மையான சமயச் சடங்குகள், அரசு விழாக்கள் ஆகியவற்றில் பாடல்களைப் பயன்படுத்துவதற்குச் சட்டம் விலக்கு அளிக்கிறது. திருமண ஊர்வலமும் திருமணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களும் சமயச் சடங்கு என்ற சொல்லுக்குள் அடங்கும் எனச் சட்டத்தின் விளக்கம் கூறுகிறது. இந்த விலக்கின் எல்லை குறித்து நீதிமன்றங்களில் வழக்குகள் நடந்துள்ளன.

மேடையில் பாடியதை எவரேனும் பதிவு செய்து இணையத்தில் வெளியிட்டு வருவாய் ஈட்டினால், பாடியவரின் ஒப்புதல் இன்றி அவ்வாறு செய்யப்பட்டிருக்கும் நிலையில் அவரது நிகழ்த்துநர் உரிமை மீறப்பட்டதாகிறது. கைபேசியிலேயே நிகழ்ச்சி முழுவதும் பதிவாகும் இக்காலத்தில், இந்த உரிமை முன்னெப்போதையும் விட முக்கியத்துவம் பெறுகிறது.

மீண்டும் இந்தியா

1990-களில் செயற்கைக்கோள் தொலைக்காட்சிகள் வந்தபோது, பிட்டு மீண்டும் இந்தியச் சந்தைக்குத் திரும்பினார். 1995-ஆம் ஆண்டில் அலிஷா சினாய் பாடிய 'மேட் இன் இந்தியா' அவரது இசையில் உருவானது. மாடல் மிலிந்த் சோமன் தோன்றிய அதன் காணொளி, திரைப்படம் சாராத இந்திப் பாப் பாடல்களுக்குப் பெரும் சந்தையைத் திறந்தது. பின்னர் தமது வாழ்க்கை வரலாற்று நூலுக்கும் பிட்டு அதே தலைப்பைச் சூட்டினார். அந்நூல் 2010-ஆம் ஆண்டில் வெளியானது.

கோலார் தங்கச் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. அதன் பின்னர் இப்பகுதியைச் சேர்ந்த ஆயிரக்கணக்கானோர், விடியற்காலையில் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயில்களில் நாள்தோறும் பெங்களூரு சென்று வேலை செய்து இரவில் திரும்புகின்றனர். பகலில் வேலையும் இரவில் மேடையுமாக வாழும் பாடகர்களுக்குப் பிட்டுவின் கதையில் ஒரு பாடம் இருக்கிறது. பிறர் பாடல்களைப் பாடிப் பழகுவது தொடக்கமாக இருக்கலாம். சொந்தமாக ஒன்றைப் பதிவு செய்யும் நாளில், அது இசைத்தட்டின் மறுபக்கத்துக்கான பத்து நிமிடப் பாடலாகவே இருந்தாலும், அதில் தமது பெயர் எழுதப்பட்டிருப்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

எந்தப் பக்கத்துப் பாடல் உலகைச் சுற்றி வரும் என்பதை ஒலிப்பதிவுக் கூடத்தில் இருப்பவர்களால் முன்கூட்டியே சொல்ல முடிந்ததில்லை என்பதே, 1974-ஆம் ஆண்டின் அந்தப் பதிவு உணர்த்தும் செய்தியாகும்.